கேட்டு முடிக்கும் முன்னே

என் தங்கை வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் வெந்நீர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி எப்போதும் பறப்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அதற்குக் கோபப்படவும் அவருக்கு நேரம் இருந்ததில்லை.

அவர் வம்சமே அப்படி. அவருடைய அப்பா தன் கல்யாணத்தன்று ஆலயக் கதவு திறக்கும் முன்பே போய் மாலையும் கழுத்துமாக வாசலில் நின்றவர். அத்தை ஒருத்தி, முதலில் வந்த பஸ் எது என்றுகூடப் பார்க்காமல் ஏறி, முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, கடைசியில் அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். இவரோ எட்டாம் மாதமே பிறந்துவிட்டவர். "அன்னைக்கு எழுந்து ஓட ஆரம்பிச்சவன்தான், இன்னும் உட்காரல" என்று அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலையில் மட்டும் அவர் வேறு ஆள். மாடியின் உச்சியில், வெக்கை அடிக்கும் மோட்டார் அறையில், கம்பி வடத்தை விரலால் தடவித் தடவி எங்கே இழை பிரிந்திருக்கிறது என்று அரை நாள் பார்ப்பார். கீழே பொறுமையில்லாமல் பொத்தானைக் குத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஒரு தடவை அழுத்தினா போதுங்க. அது வரும். நீங்க குத்துறதால ஓடி வராது" என்பார். இதை எத்தனை கட்டடங்களில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ.

வீட்டில் நாலு பேர். அவர், என் தங்கை, மூத்தவள், சின்னவன். மூத்தவளுக்கு மருந்துக்கடையில் வேலை. சின்னவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அதே அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் ஒரு மாடி மேலே இருக்கிறேன். சாயங்காலமானால் இறங்கி வந்துவிடுவேன். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாலு வாரமும் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேஜை மேல் தட்டில் நாலு மெழுகுவர்த்தி. முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். தினமும் விளக்கை அணைத்துவிட்டு காத்திருப்புப் பாட்டு மட்டும்தான் பாட வேண்டும். பிறப்புப் பாட்டை பிறப்பின் இரவுக்கு முன்னால் முணுமுணுத்தாலும் என் தங்கை முறைப்பாள். "இன்னும் பிறக்கவே இல்ல, அதுக்குள்ள தாலாட்டா?"

அந்தக் காத்திருப்புப் பாட்டில் கேள்வி கேட்பது ஒரே குரல். "இருளில் நிற்கிறோம், இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அது தனியாக இழுத்துக் கேட்டு முடித்த பிறகு, மற்றவர்கள் மூன்று சுருதியில் "வருகிறார், வருகிறார்" என்று பதில் சொல்ல வேண்டும். கேள்விக் குரல் மூத்தவளுடையது. அவள் "தூரம்" என்பதை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ச்சுருதியில் "வருகிறார்" என்று ஒரு குரல் இடித்துக்கொண்டு நுழையும். யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

"அப்பா, கேட்டு முடிக்க விடுங்க."

"நீ இழுக்கிற இழுப்புக்கு அவரு வந்துட்டுப் போயிருவாரு."

எல்லோரும் சிரிப்போம். வருஷா வருஷம் சிரித்தோம்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் மூத்தவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். பையனின் அம்மா இவள் பக்கம் திரும்பி, "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று வாய் நிறையக் கேட்டாள். பெண் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தாள். அதற்குள் இவர், "அவளுக்குப் பரிபூரண சம்மதம்" என்றுவிட்டார்.

வந்தவர்கள் போன பிறகு அவள் சத்தம் போடவில்லை. ஒரு பையில் துணியை அடுக்கினாள். "பாட்டுலதான் அவசரம்னு நினைச்சேன்பா. கேள்வி என்கிட்ட கேட்டது" என்றாள். கடைக்குப் பக்கத்தில், கூட வேலை செய்கிற பெண்ணோடு ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த சம்பந்தமும் அத்தோடு நின்றது. அம்மாவிடம் பேசுவாள். அவர் போன் செய்தால் எடுக்க மாட்டாள். அவர் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு தடவை அழுத்தினா போதும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே?" என்று என் தங்கை கேட்டாள். அன்றைக்கு அவர் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார்.

இப்படி இருக்கையில் முதல் ஞாயிறு வந்தது. நான்தான் தீக்குச்சி கிழித்தேன். என் குரலுக்கு அந்த வேலையைத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு சுடர். மூன்று பேர். கேள்வி கேட்க ஆளில்லை.

"அவ வரியை நான் பாடிடறேங்க" என்றாள் தங்கை.

"வேண்டாம். அவ இடம் அவளுக்கு."

"அப்போ கேள்வியே இல்லாம பதில் சொல்லணுமாப்பா?" என்றான் சின்னவன். "பக்கத்து வீட்டுல கேட்டா யாரோ விருந்தாளி வர்றாங்கன்னு நினைச்சுப்பாங்க."

"அந்த வரி நேரம் சும்மா இருந்துட்டு அப்புறம் ஆரம்பிப்போம்."

சும்மா இருப்பதா, அவரா? இரண்டு மூச்சு தாங்கவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது, கால் ஆடியது, "வருகிறார்" என்று தொடங்கிவிட்டார். மற்ற இருவரும் பின்னால் ஓடிப் பிடித்தார்கள். தினமும் இதே கதை. பாட்டு நடக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்புவார், மேஜையில் இருப்பதை இடம் மாற்றி வைப்பார், படிக்கட்டில் காலடி கேட்டால் தலை அந்தப் பக்கம் போகும். பாடி முடித்ததும், "இதுல என்ன புண்ணியம்? வருகிறார் வருகிறார்னு கத்துறோம், யாரு வந்தா?" என்று எரிந்து விழுவார். அது ஆண்டவரைப் பற்றிய பேச்சா, மகளைப் பற்றிய பேச்சா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாரம் என் தங்கை என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாத. விளக்கை அணைச்சதும் அவளுக்குப் போன் போட்டு, மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பின்னால வெச்சிடறேன். எல்லாத்தையும் கேட்கிறா."

"என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா வைக்கிறதும் இல்ல."

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், அவர் வழக்கம்போல் கை சும்மா இராமல் தட்டை நகர்த்தினார். போன் தெரிந்தது. திரையில் மகள் பெயர், பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நொடிகள். தங்கை கண்ணை மூடியிருந்தாள். சின்னவனும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இப்போது போனைப் பிடுங்கி, மாதக்கணக்காக அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாயும் திறந்தது.

தட்டை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

அவள் வரி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சுடர் நடுங்குகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. இருளில் நிற்கிறோம் என்கிற இடம் போனது, இன்னும் என்கிற இடம் போனது. தூரம் என்று அவள் இழுக்கிற அந்த இழுப்பும் கடைசிவரை போய் முடிந்தது. அவர் உதடு அசையவில்லை. முழுசாக முடிந்த பிறகு, மெதுவாக, "வருகிறார்" என்றார். சின்னவனும் தங்கையும் வாயைத் திறக்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்திக்கொண்டு ஓடுகிறவரைத் துரத்திப் பழகிய குரல்கள், பாவம், என்ன செய்யும்? அவர் தனியாகத்தான் பாடினார்.

பாட்டு முடிந்து விளக்கைப் போட்டபோது போன் அணைந்திருந்தது. அவர் என்னிடம் மட்டும், "அக்கா, அந்தக் கேள்வி இவ்வளவு பெருசுன்னு தெரியாமலே இத்தனை வருஷம் பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டார். போனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் கையின் மேல் உட்கார்ந்தார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது வலித்தது, முகத்திலேயே தெரியும்.

நாலாம் ஞாயிறு. நாலு சுடர். விளக்கு அணைந்தது. நாங்கள் அந்த வெறும் இடத்துக்குள் இறங்கினோம். தட்டுக்குப் பின்னாலிருந்து, மெல்லிய தகரத்துக் குரலில், "இருளில் நிற்கிறோம்" என்று வந்தது.

தங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சின்னவன் "அக்காவா!" என்று துள்ளினான். இவர் மட்டும் அசையவில்லை. கேள்வி முழுவதும் வந்து முடிந்து, அதற்கு மேலும் ஒரு மூச்சு விட்டுத்தான் பதில் சொன்னார். போன் வழியாகப் போய் வருவதில் குரல் பிந்தியது. இங்கே பதில் சொன்னால் அங்கே தாமதமாகக் கேட்கிறது. அவள் அடுத்ததைத் தொடங்கினால் இங்கே தாமதமாக வருகிறது. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். அவ்வளவு மோசமாக அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. மூன்றாம் சரணத்தில் எல்லோரும் திக்கித் தடுமாறி நின்றுவிட்டார்கள்.

போனில் சிரிப்புச் சத்தம். "அப்பா, இன்னைக்கு நீங்கதான் லேட்டு."

"நானா லேட்டு? உன் போன் லேட்டு." செருமிக்கொண்டார். "பெண் பார்க்க வந்தப்போ நான் பேசினது தப்பும்மா." பிறகு கேட்டார்: "பிறப்புப் பாட்டுக்கு வர்றியா?"

போன் திரையில் நொடிகள் மட்டும் ஓடின. சின்னவன் பொறுக்க மாட்டாமல், "வருவாப்பா, அவ எங்க…" என்று தொடங்க, அவர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். "சும்மா இருடா. அவகிட்ட கேட்டிருக்கேன்."

பொத்திய கையோடு அப்படியே நின்றார். சின்னவன் மூக்கால் மூச்சு விட்டான்.

"கடையை மூடிட்டுத்தான் வரணும்" என்றாள் கடைசியில். "நான் வர்றவரைக்கும் ஆரம்பிச்சிடாதீங்க."

அந்த நாளும் வந்தது. சாயங்காலத்திலிருந்தே அவர் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்தார். சட்டையை இரண்டு முறை மாற்றினார். கீழே அவள் வந்துவிட்டாள் என்று சின்னவன் ஜன்னலிலிருந்து சொன்னதும் வெளியே ஓடி, லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்று பொத்தானைக் குத்த ஆரம்பித்தார். குத்து என்றால் குத்து.

சின்னவன் வீட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னான், "ஒரு தடவை அழுத்தினா போதும்ப்பா. அது வரும்."

அவர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். லிஃப்ட் கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து ஏறிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து என் தங்கை கத்தினாள்: "யாராவது அந்தக் கதவைச் சாத்துங்களேன், காத்துல மெழுகுவர்த்தி அணையுது!"

யாரும் சாத்தவில்லை.