ஆர்ட்ஸியான சேலை

கல்யாணத்துக்குப் பிறகு முதல் லீவில் அவர் குவைத்திலிருந்து வந்திருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தைப் பார்த்து, சேலையைத் தானே தேய்த்துத் தருவதாகச் சொன்னார். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிவிட்டது. எனக்குப் பிடித்த மஞ்சள் பருத்திச் சேலை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கட்டிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் வந்தால், தன் புதுக் கைலியில் ஒரு துண்டு வெட்டி, ஓட்டையின்மேல் வைத்துத் தைத்திருந்தார். நீலக் கட்டம். தையல் கோணல்மாணலாக ஓடியது.

"வெளிய கட்ட வேணாம், வீட்டுல கெடக்கட்டும்" என்றார்.

மறுநாள் அதையேதான் கட்டினேன். ஆசிரியர் அறையில் இங்கிலீஷ் டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சேலை ரொம்ப ஆர்ட்ஸியாக இருக்கிறது என்றார். சிரித்து வைத்தேன். நான் தமிழ் டீச்சர். அர்த்தம் கேட்கக் கூச்சம்.

வீட்டில் சொன்னதும் அவர் செல்போனில் தேடினார். கலைநயம் உள்ளது என்று ஒரு அர்த்தம். கலைநயம் இருப்பதாகக் காட்டிக்கொள்வது என்று இன்னொன்று, அது கேலி. சாப்பிடும்போதும் அதே யோசனையாக இருந்தார்.

"என்னால ஒன்னய யாரும் சிரிச்சிறக் கூடாது" என்றார்.

அதற்காகவே அடுத்த நாள் அந்த டீச்சரிடம் நேராகக் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"பாதி கேலியாத்தான் சொன்னேன் டீச்சர். ஸ்டைலுக்குன்னு வேணும்னே ஒட்டுப் போட்டுக் கட்டுறாங்கள்ல, அப்புடின்னு நெனச்சேன்."

நடந்ததைச் சொன்னேன். யார் தைத்தது என்று மட்டும் இரண்டாம் முறை கேட்டார். பிறகு, தன் வீட்டுக்காரர் ஒரு பட்டன்கூடத் தைத்துத் தந்ததில்லை என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தார். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு கூடியது.

அன்று பள்ளி விட்டதும் என் வீட்டுக்காரர் பைக்கோடு வெளியே நின்றார். டீச்சர் என்ன சொன்னார் என்று ஏறும் முன்பே கேட்டார். பாதி கேலி என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"மிச்சப் பாதி?"

"மிச்சப் பாதி பொறாமைங்க."

அவர் சிரிக்கவில்லை. நான் ஏறியதும் வண்டியைக் கிளப்பினார். திருக்கோகர்ணம் தாண்டியதும், தன் இடுப்பைப் பிடித்திருந்த என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, தேநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார்.