முதல் தாம்பூலம்

பம்பாய் தாராவியில் அந்தத் தமிழர் சந்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் தாம்பூலம் கரீம் பாட்சாவுக்குத்தான். தோல் பட்டறைக்காரர், திருநெல்வேலிக்காரர்களின் சங்கத்துக்கு வெகுகாலமாகத் தலைவர். கல்யாணம் முடிந்ததும் பெண்ணைப் பெற்றவர்கள் தட்டோடு நேரே அவரிடம் போவார்கள். தன் மூக்குக்கு முன்னால் அந்தத் தட்டு கடந்து போவதை மளிகைக்கடை பிரம்மநாயகம் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ரசம் சரியில்லை என்பார்.

சங்கத் தேர்தலில் நின்று பார்த்தார். கடைக்கு வருகிறவர்களிடம் பாட்சாவைப் பற்றிக் குறை சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

எண்பத்து நான்கில் பக்கத்துப் பிவண்டியில் இந்து-முஸ்லிம் கலவரம் வந்தது. சந்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை; பாட்சாவும் பிரம்மநாயகமும் சேர்ந்தேதான் முனையில் காவல் இருந்தார்கள். ஆனால் எல்லார் வீட்டுக்குள்ளும் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. பிரம்மநாயகத்துக்கு அது போதும்.

"நமக்குன்னு தனியா ஒரு சங்கம் வேணும்லா. நாளைக்கு லஃப்டா, கலவரம்னு வந்தா நம்மாளுதான நமக்கு?" என்று அரிசி நிறுத்தபடியே சொல்லத் தொடங்கினார்.

மனைவி மாடத்தி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாட்டப் பிரிச்சவங்களும் இப்படித்தான சாமி பேரச் சொன்னாங்க. கடைசில நாக்காலில உக்காந்தது யாரு, சாமியா?"

"ஒனக்கு அரசியல் தெரியாது."

"அரசியல் தெரியாது. ஒம்ம வயித்தெரிச்சல் தெரியும்."

சங்கம் இரண்டானது. பாட்சா சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, பந்திப் பாத்திரத்த மட்டும் பிரிக்க வேண்டாம். யாருக்கு விசேஷமோ அவங்க எடுத்துக்கிடட்டும்" என்றார். அந்த நிதானத்தைப் பார்த்தும் பிரம்மநாயகத்துக்கு எரிந்தது.

புதுச் சங்கத்தின் முதல் கல்யாணம் அன்னத்தாயின் மகளுக்கு. பிரம்மநாயகம் சலவை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டியதும் அன்னத்தாய் தட்டை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பார்க்க வேண்டிய ஆளைக் காணோம்.

"பாய்க்குச் சொல்லலையோ?"

"சொல்லாம இருப்பனா? காலைலயே வந்து புள்ளைக்குச் சேலை குடுத்துட்டுப் போயிட்டாரு. அப்பவே தாம்பூலத்த மொதல்ல அவருகிட்டதான் நீட்டுனேன். 'அண்ணாச்சிக்கே குடு தாயி, அவரு ரொம்ப ஆசப்பட்டாரு'ன்னுட்டாரு."

அவள் வெகுளியாகச் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

வீடு திரும்புவதற்குள் அடுத்த கூட்டத்துக்கான தீர்மானம் பிரம்மநாயகத்தின் மனத்தில் தயாராகிவிட்டது. இனி அந்தப் பக்கத்தார் இந்தப் பக்க விசேஷங்களுக்கு வரக் கூடாது. ஏன் என்று யாராவது கேட்டால், பாதுகாப்புக்காக என்று சொன்னால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.