டெய்லரம்மா போட்ட ஒட்டு

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் மாட்டுப் பண்ணையில் குப்பை கொட்டியும், நிஜமாகவே கொட்டியும், அவளுக்கு டெய்லரம்மா என்ற பேர் போகவில்லை. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின், பின்னால் கொட்டகையில் பதினோரு மாடு. இரண்டுக்கும் நடுவில் ஓடியே அவளுக்குச் செருப்பு தேயும். ஓட்டத்திலும் இரண்டு கொள்கையை அவள் விட்டதில்லை. துணியில் ஒரு விரற்கடைகூட வீணாகக் கூடாது. தைத்ததை அயர்ன் பண்ணாமல் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. மாட்டுக்குச் சாக்கு தைத்தாலும் இவள் மடிப்பு எடுத்துத்தான் போர்த்துவாள் என்று புருஷன் கேலி செய்வான். அது எப்படி வந்து பலிக்கப் போகிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

பால் கறப்பது நாத்தனார் பொறுப்பு, கன்றுகளை வளர்ப்பது இவள் பொறுப்பு. அந்த மாதம் வாளியில் பால் குடித்த கன்றுகளுக்கெல்லாம் கழிச்சல் கண்டது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று இவள் மடியிலேயே செத்துப்போனது. மிச்சம் மூன்று. அதில் சின்னதுக்கு அரைப்படி என்று பேர். எழுந்து நின்றால் நாலு காலும் நாலு திசைக்குப் போகும். அதையும் பறிகொடுத்தால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

புதன்கிழமை ஜட்ஜம்மா கன்று போட்டாள். காலாலேயே தீர்ப்புச் சொல்லுகிற மாடு அது. கறக்கப் போனவர்கள் எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். புருஷனுக்குப் போன வருஷம் முழங்காலில் விழுந்தது, மழை வந்தால் இன்னும் வலிக்கும். ஜட்ஜம்மாவை விற்றுவிடலாம் என்று நாத்தனார் தரகரிடம் பேசி முடித்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வருது, அண்ணி."

"மனுஷன் கைதானே அதுக்குப் பிடிக்கல. அதோட கன்னுக்கு நல்லாத்தான் ஊட்டுது. காம்பு நாலு இருக்கு. வாளிப் பால விட்டுட்டு இந்த மூணும் மடியிலேயே சேர்ந்து குடிக்கட்டுமே."

"அடுத்தவ கன்ன அது கிட்ட சேர்க்குமா? மிதிச்சே கொன்னுடும்."

"பத்து மணிக்குள்ள சேர்க்க வைக்கிறேன். முடியலன்னா நானே வண்டியில ஏத்தி விடறேன்."

சொல்லிவிட்டாள். எப்படி என்று யோசித்தது சொன்ன பிறகுதான்.

பசு கன்றைக் கண்ணால் பார்த்து நம்பாது, மூக்கால்தான் நம்பும். பால் குடிக்கிற கன்றின் பின்பக்கத்தை மோந்து பார்த்து, தன்னுடையதுதான் என்று தெரிந்தால்தான் சும்மா நிற்கும். ஆகவே டெய்லரம்மா டெய்லராகவே யோசித்தாள். ஜட்ஜம்மாவின் கன்று பிறந்தபோது ஒரு பழைய போர்வையால் அதைத் துடைத்திருந்தாள். பிறந்த ஈரமெல்லாம் அதில் ஊறிக் காய்ந்திருந்தது. வியாழக்கிழமை அதை விரித்து அளவெடுத்து, மூன்று கன்றுக்கும் மூன்று சட்டை வெட்டித் தைத்தாள். அரைப்படி வளருகிற பிள்ளை என்று அதற்கு மட்டும் தையலில் கொஞ்சம் விட்டுவைத்தாள். ஒரு கையகலத் துண்டு மிஞ்சியது. வீணாக்குவாளா? புருஷனின் வேலை பேன்ட்டில் பின்பக்கம் கிழிந்திருந்தது. அங்கே வைத்து ஒட்டுப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கன்றுகள் மூன்றும் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. ஜட்ஜம்மா முதல் கன்றை மோந்தாள். தும்மினாள். உதைத்தாள். இரண்டாவதுக்கும் அதே தீர்ப்பு.

"என்ன அண்ணி, மல்லிகைப்பூ வாசனை அடிக்குது?" என்றாள் நாத்தனார்.

டெய்லரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில், கை போன போக்கில், வாசனைத் தண்ணீர் தெளித்து மூன்று சட்டையையும் அயர்ன் பண்ணித் தொலைத்திருந்தாள். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி காலர் மடிப்பு வேறு.

கன்றுகளை இழுத்துக்கொள்ளப் புருஷன் குனிந்தான். ஜட்ஜம்மாவின் மூக்கு, அயர்ன் பண்ணுமுன்பே அவன் மாட்டிக்கொண்டு வந்திருந்த பேன்ட்டின் ஒட்டின் மேல் பட்டது. அடுத்து நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று கன்றைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டு, அந்த ஒட்டை நக்க ஆரம்பித்தாள்.

"ஏய், இது என்னடி பண்ணுது?"

"அசையாதீங்க."

"முழங்கால உடைச்ச மாடுடி இது."

"இப்ப நீங்க அதோட கன்னு. அப்படியே குனிஞ்சு நில்லுங்க, புண்ணியமாப் போகும்."

சட்டைகளை உருவி எறிந்துவிட்டு ஒவ்வொரு கன்றாக மடிக்குத் தள்ளினாள். ஜட்ஜம்மாவுக்குத் தலைப்பக்கம் வேலை இருந்ததால் கால்பக்கம் என்ன நடக்கிறது என்று கவனிக்கவில்லை. அரைப்படி இரண்டு தடவை விழுந்தது. இளங்கன்று பயமறியாது என்பார்கள், அதற்குக் கால் இருப்பதே தெரியாது. மூன்றாவது தடவை நேராகப் போய் முட்டிக் காம்பைக் கவ்வியது. ஜட்ஜம்மாவின் சொந்தக் கன்றோடு சேர்த்து வால் நாலும் ஆடின.

வாசலில் வண்டி வந்து நின்றது. தரகர் உள்ளே வந்து, குனிந்து நிற்கிற மனுஷனையும் அவனை நக்குகிற மாட்டையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆடிக் கறக்கிற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்ட பாடிக் கறக்கணும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். "இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்ல."

டெய்லரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் அரைப்படியின் வாயோரத்து நுரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தரகரிடம், "டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே. வண்டி காலியாவே போகட்டும்" என்றாள்.

ஐந்து நாள், வேளை தவறாமல், அவன் அதே பேன்ட்டில் போய்க் குனிந்து நின்றான். ஜட்ஜம்மாவின் பால் உள்ளே போகப் போகக் கன்றுகளின் மேலும் அவளுக்குத் தன் வாசனையே அடித்திருக்க வேண்டும். ஆறாம் நாள் அவனைத் தாண்டிப் போய் அரைப்படியை நக்கினாள். மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது.

அன்று மாலை அவன் பேன்ட்டைக் கழற்றிக் கொடுத்தான். நாற்றம் முன்னறை வரை வந்தது. வாளியில் போடப்போன டெய்லரம்மா, என்ன நினைத்தாளோ, எடுத்துவிட்டாள். துவைக்கவில்லை, மடிக்கவில்லை. அடுத்த கன்றுக்கு வேண்டியிருக்கும் என்று மெஷினுக்கு மேலே, வாடிக்கையாளர்களின் அயர்ன் பண்ணிய துணிக்கு நடுவில், அப்படியே ஆணியில் மாட்டினாள்.