பிடித்த மணம், பிடிக்காத மணம்

புதிய பாடத்திட்டப்படி மூன்றாம் வகுப்பு அறிவியலில் ஆசிரியர் விளக்கக் கூடாது. பிள்ளைகளே மோந்து பார்த்து, பிடித்த மணம், பிடிக்காத மணம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். என் வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மல்லிகைக்கும் வெங்காயத்துக்கும் நடுவே ஜெனிபர் ஒரு ஆட்டுத்தோல் துண்டை வைத்தாள்.

அந்த வாடை என்னைப் பிடித்து அரைக்கால் சட்டைக்குள் திணித்துவிட்டது.

என் அப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். சாயங்காலம் குழாயடியில், பிழிந்த எலுமிச்சை மூடியை முழங்கை வரை தேய்த்துக் குளிப்பார். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய வாடை அசையாது. எலுமிச்சை அதன்மேல் விருந்தாளி போல் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடும். ஒருமுறை டீச்சர் அவரைப் பள்ளிக்கு வரச் சொன்னபோது வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நான் இங்கினயே நிக்கிறேன் டீச்சர். உள்ள பிள்ளைக இருக்குதுக."

அவர் உள்ளே வராததில் எனக்கு அப்படியொரு நிம்மதி.

"அய்ய, என்னா நாத்தம்!" ஜெனிபரின் தோல் துண்டை மோந்த முன்வரிசைக் கார்த்தி மூக்கைப் பொத்தினான்.

"ஏலே, அது எங்கப்பா வாசம்," என்றாள் ஜெனிபர். "பிடிச்சதுல எழுதுங்க சார்."

பலகையில் எழுதினேன். அவள் விடவில்லை.

"உங்களுக்குப் பிடிக்குமா சார்?"

என் அப்பாவுக்கும் இதே வேலைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார்த்திகூட மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"சாருக்குச் சளி கண்ணு," என்றேன். "ஒரு வாசமும் தெரியல."