பின் சீட்டில் மோகன்

எந்த வாசலில் வண்டி நின்றாலும், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பின் சீட்டில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவான் மோகன். சீட் இறங்கி மேலே வருவதை, பால் பொங்கி வருவதைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்ப்பான். அப்புறம்தான் "சாப்ட்டீங்களா?" துக்க வீட்டிலும் அப்படித்தான். பாண்டுரங்கன் அப்பா காரியத்தன்று, வெளியே நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தான். பந்தலுக்குள் நுழைந்ததும் பாண்டுரங்கனைக் கட்டிக்கொண்டு அழுதான். கண்ணைத் துடைத்த கையோடு, "மச்சான், உன் வண்டில லெஃப்ட் சைடு ஷாக்கு பூட்ச்சு, பாத்துக்கோ" என்றான்.

வடக்குப்பட்டு நாகப்பனுக்கு இரண்டாவது மகன் இவன். நாகப்பன் கட்டியது என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகளை. மோகன் கட்டியது என் தங்கை கனகத்தின் மகள் சசிரேகாவை. எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் நான் அவனுக்கு அத்தைதான். ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை. சீட்டின் மேல் மணல் மூட்டையை வைத்து மெஷினில் பூட்டிக் குலுக்குவார்களாம். குலுக்கி முடித்து, ஸ்பிரிங் தொய்ந்ததா, தையல் விட்டதா என்று பார்ப்பது அவன் பிழைப்பு.

அவனிடம் தூரப் பயணத்துக்கென்று செய்த ஒரு பழைய டூரிங் பைக் இருக்கிறது. நீள சீட்டு, பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு திண்டு, இரண்டு பக்கமும் பெட்டி. கல்யாணமான புதிதில் ஏலகிரி, குற்றாலம் என்று இருவரும் அதில்தான் சுற்றினார்கள். அந்த மாடலைச் செய்வதை நிறுத்தி வெகு காலம் ஆகிவிட்டது. மோகன் மட்டும் விடவில்லை.

போன மழையில் சசிரேகா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆயிற்று. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் லைனில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். கான்ட்ராக்டில் கிடந்து கிடந்து அப்போதுதான் பெர்மனென்ட் ஆகியிருந்தாள். லீவு முடிகிற திங்கட்கிழமை கேட்டில் நிற்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். டாக்டர் வேலை செய்யலாம் என்றுவிட்டார். "குலுக்கல் மட்டும் ஆகவே ஆகாது" என்றார். கம்பெனி பஸ்ஸின் படியே இடுப்பு உயரம், ஏறினால் கடைசி சீட்டுதான் மிஞ்சும். ஆட்டோ, குலுக்குவதில் பஸ்ஸுக்கு அண்ணன்.

"வேலைக்குப் போயே ஆவணுமாடி?" என்று கனகம் கேட்டாள்.

"வூட்ல படுத்துகினு செவுத்த பாக்கவா? அந்த எடம் என்னுதுமா" என்றாள் சசிரேகா.

ஆக மோகன் வண்டிதான் வழி. அதன் பின் ஷாக் அப்சர்பர் இரண்டும் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தன.

ஒரகடம் கூட்டுரோட்டில் உதிரிபாகம் விற்கிற பகலவனிடம் போனான். "உன் வண்டிக்குன்னு எதுவும் வராதுபா. இது வேற வண்டியோடது, கரெக்டா ஒக்காரும். மூணு பேரு ஏறு, ரெண்டு மூட்டை உரம் ஏத்து, அசையாது" என்று ஒரு தடித்த ஜோடியை எடுத்து வைத்தான் பகலவன். இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்பது அதுதானே, தாங்குமா என்று. பால் கேன், உர மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் பின் சீட்டில்தான் வருகின்றன. மோகனும் அதையே கேட்டான், அதையே வாங்கினான்.

கம்பெனியில் எப்படியோ வீட்டிலும் அப்படி. சசிரேகாவின் எடைக்கு ஓர் அரிசி மூட்டையைப் பின் சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினான். வல்லம் வடகால் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளங்களைத் தேடித் தேடி இறக்கிவிட்டு, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

"அத்தை, மூட்டை நவுரவே இல்ல. மவராசி மாரி குந்திகினு வந்துது."

"அரிசிக்கு முதுவெலும்பு கீதா?" என்றாள் சசிரேகா வாசலில் நின்று. "நோவுதுன்னா அது வாயத் தொறந்து சொல்லுமா?"

"நீ குந்திப் பாரு, அப்பால பேசு."

உட்கார்ந்தாள். ஏரிக்கரை வளைவுவரை போனார்கள். திரும்பும்போது அவள் நடந்து வந்தாள்; அவன் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் கீழுதட்டில் பல் பதிந்திருந்தது. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அன்று சனிக்கிழமை.

மோகன் சோற்றைத் தொடவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அத்தை, பின்னாடி குந்தினா எப்டி இருக்கும்?" என்றான்.

"ஏன்டா, நீ குந்தினதே இல்லியா?"

"சின்னதுல அப்பா சைக்கிள்ல, முன்னாடி பார்ல. அப்பால நானே ஓட்ட ஆரம்பிச்சிட்டேன்."

அத்தனை வண்டிகளின் பின் சீட்டையும் அழுத்திப் பார்த்தவன், தன் வண்டியின் பின் சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

மாடி அறையில் குடியிருக்கிற வனமாமலையைக் கூப்பிட்டான். நாங்குநேரிப் பையன், மோகன் கம்பெனியில்தான் வேறு ஷிஃப்டில் வேலை. சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, சசிரேகாவின் இடுப்பு பெல்ட்டை வாங்கி மோகன் கட்டிக்கொண்டான். தொப்பைக்கு எட்டாததால் கயிறு வைத்து இழுத்து முடிந்தான்.

"அண்ணாச்சி, கண்ண மூடிக்கிடுங்க" என்றான் வனமாமலை. "குழி வாரது தெரிஞ்சா முன்னாலயே எக்கிருவீய."

டீக்கடையில் விடுவார்களா? "இன்னா மோகன், லைசென்ச புடுங்கிட்டாங்களா?" என்றான் ஒருத்தன். "மாசமா கீற பொண்ணாட்டம் போறான் பாரு" என்றான் இன்னொருத்தன். "ஆமாண்டா, வளைகாப்புக்கு வந்துரு" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொண்டு போனான் மோகன்.

இரண்டாவது பள்ளத்திலேயே "நிறுத்துடா!" என்று கத்திவிட்டானாம்.

"ஓட்றவனுக்குப் பள்ளம் தெரியுது அத்தை. ஒடம்பு தானா ரெடி ஆயிடுது. பின்னாடி குந்தறவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. முன்னாடி இருக்கறவன் முதுவுதான் தெரியுது" என்றான். தன் கனத்துக்கே அமுங்காமல் இப்படி இடித்தால் அவளுக்கு எப்படி இடித்திருக்கும் என்று கேட்டான். அப்புறம் குரல் இறங்கி, "இத்தினி வருசமா அவள இப்டியா இட்டுகினு போனேன்?" என்றான்.

அப்படியே பகலவனிடம் ஓடினான். "ஓட்ன அயிட்டத்த எவன்யா திருப்பி எடுப்பான்?" என்று சத்தம் போட்ட பகலவன், மோகன் இடுப்பில் கயிறோடு தொங்கிய பெல்ட்டைப் பார்த்தான். சிரித்தான். விஷயம் தெரிந்ததும் சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே போனான். முதலில் கொண்டுவந்த ஜோடி மெத்தென்று இருந்தது. ஆனால் அழுத்திவிட்டால் பந்து மாதிரி எகிறியது. "கீழ எறங்கட்டும்பா. மேல வர்றப்ப ஆளத் தூக்கிப் போடக் கூடாது" என்றான் மோகன். பகலவன் பரண் மேல் ஏறி, எங்கேயோ கிடந்த ஒரு ஜோடியைத் துடைத்து எடுத்து வந்தான். ஸ்பிரிங் மெலிசு. அழுத்தினால் இறங்கியது; விட்டால், தூங்கி எழுகிற குழந்தை மாதிரி நிதானமாக மேலே வந்தது. "இத யாரும் கேக்க மாட்டாங்க, லோடு தாங்காது" என்றான். முதலில் விற்ற தடித்த ஜோடியைத் திருப்பி வாங்கிக்கொண்டான். நல்ல மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை வனமாமலைக்கு ஓவர்டைம் இருந்தது. அதை விட்டுவிட்டு, மோகனைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற வளையத்தைத் திருகித் திருகி, ஸ்பிரிங் நன்றாக இளகுகிற கடைசிப் பல்லுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கேயோ பிறந்த பிள்ளை. அவனைப் பெற்றவள் பேர் செல்லக்கனி என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நேரில் பார்த்தால் அந்த வயிற்றுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

சாயங்காலம் சசிரேகா ஏறினாள். ஏரிக்கரை வளைவைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்து, உட்கார்ந்தபடியே திரும்பி வந்தாள். நானும் கனகமும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம்" என்றாள்.

மோகன் சட்டென்று குனிந்து, துடைத்து வைத்திருந்த வண்டியை மறுபடியும் துடைத்தான்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அவள் கிளம்பினாள். ஊர் ரோடு பெரிய ரோட்டோடு சேருகிற இடம்வரை நானும் நடந்து போனேன். அங்கே ஒரு வேகத்தடை, பன்றி படுத்த மாதிரி. அவ்வளவு பார்த்துப் பொறுக்கிய ஷாக் அப்சர்பர், அது தாங்காதா? மோகன் அங்கே வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டான். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முன் சக்கரத்தை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினான். பின் சக்கரம் ஏறுவதற்குள் பின்னால் ஒரு டிரெய்லர் வந்து நின்று ஹாரனை அலறவிட்டது. "போய்யா, மானம் போவுது" என்று சசிரேகா அவன் முதுகில் குத்தினாள். மோகன் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, அந்த மலை மாதிரி லாரிக்கு முன்னால் ஐந்து விரலையும் விரித்துப் பிடித்தான்.