பம்பை செட்டில் ஒரு பங்கு

ராஜமாணிக்கம் மங்ராவுக்கு முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். போன பங்குனி உத்திரத்துக் கணக்கு. ஒருவரிடமும் கைநீட்டாமல் அந்தமானின் ரங்கத் ஊரில் வெல்டிங் பட்டறை போட்ட மனுஷருக்கு அது தொண்டையில் நின்ற மீன்முள்.

"நான் நாலாங்கிளாஸ். அந்த மார்க்கெட் கூரையை யாரு அடிச்சது? நான். பம்பை செட்டு யாரு ஆரம்பிச்சது? அதுவும் நான்" என்று கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொல்வார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செட்டில் ஒருவருக்கும் மேளம் தொழில் இல்லை. தபால் ஆபீஸ் பாலகுமார், மீன் விற்கும் அடைக்கலசாமி, ஒரு பெங்காலி பஸ் டிரைவர், இன்னும் சிலர். அடைக்கலசாமி காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, சாயங்காலம் முருகன் காவடிக்கு உருமி தேய்ப்பார். "நம்ம செட்டுல பேதமே கிடையாது" என்பது பெரியவரின் அடுத்த பெருமை.

வாசித்து முடிந்ததும் கோயில் வாசலில் வரிசையாக நிற்பார்கள். பெரியவர் ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டு, வசூலைச் சமமாகக் கையில் எண்ணி வைப்பார். பங்கு வாங்கினால் செட்டுக்காரன். வேறு சட்டம் கிடையாது.

போன வருஷம் பம்பைக்காரருக்குக் காய்ச்சல். காடு வெட்ட ராஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரன் மங்ரா, தன் மாந்தர் மேளத்தோடு வந்து நின்றான். அன்று காவடிகள் தரையில் நிற்கவில்லை. ஆனால் வரிசையில் அவன் பெயர் வரவில்லை. மறுநாள் பெரியவர் முந்நூறு ரூபாயைக் கவரில் போட்டு அனுப்பினார். மற்றவர்கள் வாங்கிய அதே தொகை. ஒரு பைசா குறைக்கவில்லை. கவரைத் தூக்கிக்கொண்டு மங்ராவே பட்டறைக்கு வந்தான்.

"கூலி நஹி சாச்சா. எல்லாரையும் மாதிரி லைன்ல நிக்க வெச்சுப் பங்கு குடு."

"ஏ ராஞ்சி, ஒருநாள் அடிச்சா செட்டுல சேந்துருவியா? நான் இந்தத் தீவுல வந்து இறங்குனப்ப..."

கதை முடிவதற்குள் மங்ரா கவரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவர் கதைக்கு நடுவே எழுந்து போன முதல் ஆள் அவன்தான்.

இந்த உத்திரத்துக்கு அவன் வரவில்லை. பம்பைக்காரரின் அடியோ சரியாக விழவில்லை. காவடி எடுத்தவர்கள் ரேஷன் கடைக்குப் போவதுபோல நடந்தார்கள்.

"அந்தப் புள்ளையக் கூப்புட்டா மீசை உதுந்துருமாக்கும்?" என்றார் மனைவி பொன்னம்மா, தெருவே கேட்க.

பெரியவர் ஸ்கூட்டரை எடுத்தார். திரும்பியபோது பின்சீட்டில் மங்ரா, மடியில் மாந்தர் மேளம். அங்கே என்ன பேசினார் என்பது மட்டும்தான் அவர் இதுவரை யாரிடமும் சொல்லாத கதை. காவடிகள் ஆடின.

வசூலைப் பிரிக்கும்போது மங்ரா வரிசையின் கடைசியில், ஓர் அடி தள்ளியே நின்றான். பாலகுமார், அடைக்கலசாமி, டிரைவர் என்று எல்லாப் பெயரும் முடிந்தது. பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"மங்ரா!"

ராஞ்சி என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய். விரிந்த கையில் இந்த வருஷத்துப் பங்கை வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய கவரை எடுத்துக் கிழித்து, உள்ளே இருந்த மூன்று நோட்டையும், வரிசை முழுக்கக் கேட்க, ஒன்று, இரண்டு, மூன்று என்று அதன்மேல் எண்ணி வைத்தார்.