ஒரு ஷிப்ட் சார்ஜ்

சுரங்கத்து லேம்ப் ரூமில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். ஷாஃப்டில் இறங்குகிறவர்கள் தலைவிளக்கையும் அதன் இடுப்பு பேட்டரியையும் என்னிடம் வாங்கிப் போவார்கள். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். சார்ஜில் மாட்டினால் ஒரு ஷிப்ட், எட்டு மணி நேரம். மறுநாள் அந்த ஆள் வரும்போது விளக்கு தயாராக இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் வேலையை விட்டு வந்து ஆண்டர்சன்பேட்டையில் பேட்டரி சார்ஜ் கடை போட்டேன். அங்கேயும் அதே எட்டு மணி நேரம்தான். காலை ஏழுக்கு மாட்டினால் மூன்றுக்குக் கழற்றிவிடுவேன். ஆட்டோக்காரர்கள் யாரும் குறை சொன்னதில்லை. அவர்களுக்கு வண்டி ஸ்டார்ட் ஆனால் போதும், மிச்சத்தை ஓடும்போது இன்ஜினே ஏற்றிக்கொள்ளும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கோரமண்டல் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா வாரம் இரண்டு முறை கார் பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். சுரங்கத்தில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்செல்லாம் கல்தூசி. கரண்ட் போனால், முகத்துக்கு நேரே காற்றில்லாமல் மூச்சு முட்டும். அதற்காக பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் ராத்திரி முழுக்க ஓடியது, இப்போது இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது என்றார்.

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். டிவி போட்டுப் படம் பார்த்தால் பேட்டரி என்ன செய்யும் என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன். அவர் பேட்டரியை இறக்கி வைத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த முறை, ஒரு மணி நேரம்கூட வரவில்லை என்றார். அவர் சொல்வது பொய் என்று காட்டத்தான், அன்று மூன்று மணிக்குக் கழற்றியதும் அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஹைட்ரோமீட்டரை எடுத்து ஆசிட்டை உறிஞ்சி அடர்த்தி பார்த்தேன். முழுசாக ஏறியிருந்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது காட்ட வேண்டியது, ஆயிரத்து நூற்றெழுபதில் நின்றது. ஆறு செல்லிலும் அப்படித்தான். பாதிகூட ஏறவில்லை. இடுப்பில் மாட்டுகிற பேட்டரியின் கணக்கை, அதைவிடப் பல மடங்கு பெரியதற்குப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அரைவயிறாக அனுப்பி அனுப்பி, உள்ளே தகடுகளும் கெட ஆரம்பித்திருந்தன.

எடுத்துப்போக வந்தவரிடம், தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஃபேன் நின்ற பிறகு என்ன செய்தீர்கள் என்றும் கேட்டேன். விடியும்வரை காலண்டர் அட்டையால் விசிறினாராம். வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்றேன்.

"அவருதான் வாணாம்னாருண்ணா. அத்தினி வருசத்துல உங்க லைட்டு ஒருநாளும் அவரை இருட்டுல வுட்டதில்லியாம்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடையிலிருந்த நல்ல பேட்டரியைக் கேரியரில் கட்டிக்கொடுத்தேன். அவருடையதை, ஆம்பியரைக் குறைத்து, மூடிகளைத் திறந்துவைத்து இரண்டு நாள் ஏற்றினேன். கரண்ட் போன நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. மணிக்கொரு தரம் அளந்து, மூன்று தடவை ஒரே எண் நின்ற பிறகுதான் கழற்றினேன்.

அதைக் கொண்டுபோனவர், அடுத்த சார்ஜ் நாளில் ஏழு மணிக்கு வரவில்லை. எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. பத்து மணிக்கு சைக்கிள் தெரிந்ததும் ரோட்டுக்கே ஓடினேன்.

"இன்னாமா, இவ்ளோ லேட்டு?"

"ரெண்டு பேரும் தூங்கிட்டோம்ணா."